நூலில் தொங்கும் காந்தம்

ஞாயிற்றுக்கிழமை வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. பைக் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கூரியர்காரர் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார். வால்வுகளுக்கு மேலிருந்த கடலைப்பருப்பு அளவு நட்டுகள் இரண்டில் ஒன்று, எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கி, உள்ளே செயின் ஓடும் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அது வெளியே வராவிட்டால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். செங்கல்மேல் சாய்த்து வைத்த செல்போனில் ஒருவன் இதே வேலையை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, லைக் போடச் சொல்லிச் சிரிக்கிறான்.

"முதல்ல அவன் வாயை அடைங்க" என்று சொல்லிக்கொண்டே தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி வந்து குந்துகிறாள். தரையில் சிதறும் குண்டூசிகளைப் பொறுக்குகிற காந்தத்தை இரட்டை நூலில் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். அதைப் பள்ளத்துக்குள் மெல்ல இறக்குகிறாள். டிக். அவர் முகம் மலர்கிறது. நூலைச் சுண்டிப் பார்த்து, "இது செயினு" என்கிறாள். மறுபடி டிக். மறுபடியும் செயின்.

"நாளைக்கு நாப்பது பார்சல் இருக்கு. லீவு சொல்லிடவா?"

"செத்த சும்மா இருங்க."

இந்த முறை சத்தமே இல்லை. நூல் மட்டும் ஒரு நூலளவு கனக்கிறது. அவள் மூச்சை அடக்கி இழுக்கிறாள். எண்ணெய் சொட்டச் சொட்ட நட்டு வெயிலுக்கு வந்து மினுங்குகிறது. அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, காந்தத்தை ஹேண்டில்பாரில் மாட்டுகிறாள்.

"இங்கயே தொங்கட்டும். இன்னொரு நட்டு இருக்குல்ல?"

உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்குகிறது. கூரியர்காரர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுக்கிறார்.