பதினோராவது பொலிசி

ஒரே ஒரு என்டர். அழுத்தினால் அலுவலகப் பொறுப்பாளர் வினாயகமூர்த்தியின் மானம் பதினைந்து திரைகளிலும் கிழியும். வதனி விசையின் மேல் விரலை வைத்தபடி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லாப் பாருங்க மாமா. அம்மாட பேரை வெட்டின ஆள் எப்பிடி முழிக்கப் போறார் எண்டு.”

கோணாமலை சால்வையால் கழுத்தைத் துடைத்தார். “இதுக்கா கூப்பிட்ட? வயல் வட்டையில வேளாண்மை வெட்டு நடக்குது, மகள்.”

சுனாமிக்கு வீடு கட்டிக் கொடுத்த நிறுவனம் அது. சண்டை முடிந்து மூன்று மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மேசைகளில் வெறும் திரைகள்தான். எல்லாருடைய கணினியும் உள்ளறைச் சேர்வருக்குள்தான் ஓடியது. யார் எதைத் திறக்கலாம் என்பதை அங்கேயே ‘குறூப் பொலிசி’ போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒப்படைக்குமுன் அவ்வளவையும் நீக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு. ஒவ்வொன்றாய்க் கிளிக் செய்ய வதனிக்குப் பொறுமை இல்லை. கறுப்புத் திரையில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். பத்து நீங்கிவிட்டது. பதினோராவது பொலிசி, பழைய வீட்டுப் பட்டியலின் பூட்டு.

அந்தப் பட்டியலில் பேர் இல்லையென்றுதான், சீதன வீட்டைக் கடலுக்குக் கொடுத்த அம்மா கண்ணகை, தம்பி கோணாமலைக்குக் கிடைத்த புது வீட்டில், குசினி அடுப்பு மூலையில் மூன்று வருடம் கிடந்து செத்தாள். “ஓசிச் சோறு” என்று மாமி குத்தாத நாள் இல்லை. “வினாயகமூர்த்திதான் வெட்டினவன்” என்று மாமா சொல்லாத நாளும் இல்லை.

வினாயகமூர்த்தி தன் அறையிலிருந்து விறுவிறென்று வந்தார். “வதனி, பத்தோட நிப்பாட்டு. மத்ததைக் கிளறாத, வில்லங்கம்.”

“ஆருக்கு சேர் வில்லங்கம்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சேர் சொல்றதைக் கேள் மகள்,” என்றார் கோணாமலை. “செத்தவள் திரும்பி வரவா போறாள்?”

“மூணு வருசமா நெருப்பு மூட்டினதே நீங்கதானே! இப்ப தண்ணி ஊத்துறீங்க?”

அழுத்தினாள். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன.

“றிஸ்வி, வீட்டுப் பட்டியலைத் திற. எல்லாருக்கும் கேக்க வாசி.”

பக்கத்து மேசை றிஸ்வி திறந்தான். “கண்ணகை, நாவற்குடா...” அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். “வீடு ஒதுக்கப்பட்டது எண்டு கிடக்கு, மிஸ்.”

“என்னது?”

“கீழ ஒரு கடிதம். ரெண்டாயிரத்தி அஞ்சு, மாசி. ‘என் அக்கா கடலோடு போய்விட்டார். அவரின் வீட்டை எனக்கு மாற்றித் தரவும். இப்படிக்கு, கோணாமலை.’”

“நானும் விசாரிக்காம ஒப்பம் வச்சிட்டன்,” என்றார் வினாயகமூர்த்தி, நிலத்தைப் பார்த்தபடி. “பிறகுதான் அவ உயிரோட இருக்கிறது தெரியும். வெக்கத்தில பூட்டினன்.”

கோணாமலை வாசல் பக்கம் இரண்டடி வைத்திருந்தார். வதனி எழுந்துபோய், அவர் இடுப்புச் சாவிக்கொத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

“மாமா, என்ட வீட்டுத் திறப்பைத் தாங்க.”