இரண்டு மணல் வரிகள்

பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்தில், சுனாமியில் போன வீட்டின் மனையில், மார்பளவுக் குழிக்குள் நிற்கிறாள் சிதம்பரத்திலிருந்து வந்திருக்கும் ஆய்வு மாணவி ஷாசியா. கரணையால் வழித்த மண்சுவரில் சாய்வெயில் படுகிறது. மேலே இரண்டு விரல் அகலத்தில் வெள்ளை மணல், மூன்று வருடத்துக்கு முன் அலை விட்டுப்போனது. நடுவே கறுப்புக் களிமண். அதற்கும் கீழே, முழங்காலருகே, ஒரு சாண் தடிப்பில் இன்னொரு மணல் வரி. “இதுவும் அலைதான்க்கா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி கடலுக்கு அடியில மலைச்சரிவு ஒண்ணு அப்படியே சரிஞ்சு கிளப்பிவிட்டிருக்கலாம்.” குழி விளிம்பில் குந்தியிருக்கும் மனைக்காரி ஆரோக்கியம்மாள் கேட்கிறாள்: “மறுபடி எப்ப சரியும்?” “தெரியாதுக்கா.” அரசு கட்டிக்கொடுத்த சுனாமி காலனிக்குப் போகாமல் இங்கேயே கட்டப்போகும் வீட்டுக்கு அஸ்திவாரம் குறிக்க, முளைக்குச்சியில் கட்டிய நூலை இழுத்துப் பிடித்தபடி ஆரோக்கியம்மாளின் கணவர் தேவசகாயம் காத்திருக்கிறார். கீழ் மணலுக்குச் சற்று மேலே களிமண்ணில் உருண்டையாக ஏதோ துருத்துகிறது. ஷாசியா பிரஷால் துடைக்கிறாள். வலையில் கட்டும் சுட்ட மண்குண்டு. தேவசகாயம் சிரிக்கிறார். “பாத்தியாடி, அவ்ளோ பெரிய அலைக்கு அப்புறமும் நம்ம ஆளுங்க இங்கயே வந்து வலை போட்டிருக்காங்க.” ஆரோக்கியம்மாள் வெகுநேரம் இரண்டு மணலையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “வந்திருக்காங்க. அவுங்களுக்கு யாரும் இப்படித் தோண்டிக் காட்டலியே.” தேவசகாயத்தின் கையில் நூல் மெல்லத் தொய்கிறது.