கைக்கு அடக்கமான கேமரா

சிறுத்தையின் வேட்டையைப் படம்பிடிக்கும் வேலை கிடைத்ததும் முயலுக்குத் தலைகால் புரியவில்லை. காட்டில் வேறு யாருக்கு இந்தக் கௌரவம்?

காட்டோரச் சுற்றுலா விடுதியில் யாரோ விட்டுப்போன கேமராக்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பெரியதைத் தோளில் வைத்தால் முதுகு வளைந்தது. கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்து, "இதுதான் அண்ணே! உங்கள் பின்னாலேயே ஓடி எடுத்துவிடுவேன்," என்றது.

புல்லுக்குள் சிறுத்தை பதுங்கியது. முயல் மூச்சை அடக்கிக்கொண்டு படம்பிடித்தது. சிறுத்தை பாய்ந்தது, மான் நூலிழையில் தப்பிவிட்டது.

"விடுங்கள் அண்ணே, இதை அழித்துவிடலாம்."

பசியோடு திரும்பிய சிறுத்தை முயலை மேலும் கீழும் பார்த்தது.

"எதற்கு அழிக்க வேண்டும் தம்பி? கேமராவை அந்தப் பாறைமேல் வை. இந்தப் பக்கம் பார்க்கட்டும். வைத்தாயிற்றா? சரி, ஓடு."