அடிக்கட்டை

சரணடைந்த ஜப்பான் சிப்பாய்கள் எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

எட்டு முகங்களையும் அவள் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"நிதானமா பாரும்மா," என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி செபமாலை. "உன் வீட்டுக்காரரை அடிச்சவன் எவன்னு கையைக் காட்டு. தூக்குதான். மத்ததைத் தொரை பார்த்துக்குவாரு."

வெள்ளைக்கார அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷமும், தோட்டத்துச் சாலையில் இருந்த காவல் கொட்டகையைத் தாண்டித்தான் ரப்பர்ப் பால்மரம் சீவப் போனாள். காவலுக்கு நிற்கும் ஜப்பான்காரன் முன்னால் இடுப்புவரை குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். குனிந்தவளுக்கு முகம் எங்கே தெரியும்? பூட்ஸ் தெரியும். பூட்ஸ் பக்கத்தில் ஊன்றிய துப்பாக்கியின் அடிக்கட்டை தெரியும். முனையில் செருகிய கத்தி, மண்ணில் நிழலாகத் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் அங்கமுத்து அன்றைக்குக் குனியவில்லை.

திமிர் ஒன்றும் இல்லை. தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை.

அடிக்கட்டையால் மூன்று அடி. மூன்றாவது தவறிச் சாலையோரக் கல்லில் பட்டு, கட்டையின் ஓரம் சில்லாகத் தெறித்தது. அவள் அப்போதும் குனிந்தபடிதான் நின்றாள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

"முகம் தெரியாதுங்க," என்றாள். "துப்பாக்கிதான் தெரியும்."

சரணடைந்த துப்பாக்கிகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. நூறாவது இருக்கும். சுட முடியாதபடி பூட்டுகளைக் கழற்றியிருந்தார்கள். கத்திகள் தனியாக ஒரு சாக்கில். ஒவ்வொரு துப்பாக்கியின் மேலும் இருந்த ஜப்பான் ராஜாவின் பூ முத்திரையை, எதிரி கைக்குப் போகக்கூடாதென்று ஜப்பான்காரர்களே அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். அந்தப் பூவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவ்வளவு உயரத்துக்கு அவள் பார்த்ததே இல்லை.

சில்லுப்போன துப்பாக்கி கிடைத்தாலும் யாருடையது என்று அதில் பெயரா எழுதியிருக்கிறது? அதிகாரி பெருமூச்சு விட்டார். சரி, அன்றைக்கு இவள் பார்த்த மாதிரியே எட்டுப் பேரும் துப்பாக்கியை ஊன்றி நிற்கட்டும் என்றார். ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார்.

ஏதோ ஒன்று. எது வேண்டுமானாலும்.

எட்டுப் பேரும் குவியலைக் கிளறினார்கள்.

அவரவர் துப்பாக்கியைத்தான் தேடினார்கள். பழக்கம்.

கண்ணாடி போட்ட ஒருவன் மட்டும் கடைசிவரை தேடினான். அடியிலிருந்து ஒன்றை உருவினான். அடிக்கட்டையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினான். கீழே வைத்தான்.

பிறகு அதையே எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் ஐந்தாவதாக நின்றான்.

அவள் முதல் ஆள் முன்னால் போய் இடுப்புவரை குனிந்தாள். நிமிர்ந்தாள். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாவது ஆள் முன்னால் குனிந்தபோது பூட்ஸ் பக்கத்தில் அந்தச் சில்லு இருந்தது.

நிமிர்ந்தாள்.

அவன் குனிந்திருந்தான். இடுப்புவரை.

அரைகுறையாக நரைத்த தலை. கழுத்தெல்லாம் வியர்க்குரு. அங்கமுத்துவுக்கும் வெயில் காலத்தில் இப்படித்தான் வரும். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று ஆத்திரமாகவும் வந்தது.

"இவனாம்மா?"

"நிமிரச் சொல்லுங்கய்யா. முகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்."

கிராணி அதிகாரியிடம் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அவன் தானாகவே நிமிர்ந்து அவளுக்கு முகத்தைக் காட்டினான்.