மாமா வீட்டு ரெக்கார்டிங்

"பாட்டு முடியிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்க, அவ்ளோதான்!"

ஹால் நடுவுல நின்னு உத்தரவு போட்டது எங்க மாமா. அக்கா வீட்டுக்காரர். பூட்டு ரிப்பேர் தொழில். எவன் சாவியத் தொலைச்சாலும் இவரைத்தான் கூப்புடுவான். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு பாட்டு சிடிகிட்ட தோத்துப்போய் நின்னார்.

விஷயம் இதான். பெரிய பொண்ணு கப்பல்ல மெக்கானிக்கா வேலைக்குப் போறா. இப்ப துறைமுகத்துல பயிற்சி. வெள்ளிக்கெழம காலைல வீட்டுக்கு வந்து பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பினா, ஒம்போது மாசம் தண்ணி மேலதான். நடுக்கடல்ல போன் எடுக்காது. கையில ஒரே ஒரு லேப்டாப்பு. அதுல கேக்க, அவளுக்குப் புடிச்ச அந்த சிடி பாட்டு வேணுமாம்.

சிடி ப்ளேயர்ல சமத்தா பாடும். கம்ப்யூட்டர்ல போட்டா, கசப்பு மருந்து குடுத்த கொழந்த மாதிரி துப்பிடும். எவனும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் உள்ள பூட்டு வச்சிருக்கானாம். காசு குடுத்து வாங்குனவனுக்கே பூட்டு!

அதனால மாமா, ப்ளேயர்ல பாட்ட ஓட விட்டு, பக்கத்துல மைக்க வச்சுப் பதிவு பண்ண ஆரம்பிச்சார்.

"ரூம்ல வச்சுக் கதவ சாத்திக்கலாமே மாமா?"

"ரூம்ல எதிரொலி அடிக்கும் மாப்ளே. உனக்கு ஒண்ணும் தெரியாது, உக்காரு."

திங்கக்கெழம. ரெண்டாவது பாட்டு ஓடும்போதே அடுப்படியிலேர்ந்து அக்கா கத்துனா. "ஐயோ, பால் பொங்கிடுச்சே! ஒருத்தராச்சும் பாத்தீங்களா? எல்லாம் செலையாட்டம் உக்காந்திருக்கீங்க!"

"போச்சு!" மாமா தலையில கைய வச்சார். "நாளைக்கு மறுபடியும் எடுக்கணும்."

செவ்வாக்கெழம சின்ன பொண்ணு தும்முனா. அவ தும்முனதுக்கு நான் சிரிச்சேன். நான் சிரிச்சதுக்கு அக்கா திட்டுனா. அக்கா திட்டுனதுக்கு சின்னவ சிரிச்சா. அவ சிரிச்சதுக்கு எனக்கு இன்னொரு திட்டு.

"ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாதா? வாயா அது, வாடகைக்கு எடுத்த மைக் செட்டா?" மாமா எரிஞ்சு விழுந்தார்.

அக்காவுக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு.

"பொண்ணு போற வாரம். இந்த மனுஷனுக்குப் பாட்டுல எரைச்சல் விழக் கூடாதுங்கிறதுதான் கவலை. இனிமே நான் பேசுனா என்னன்னு கேளுடா தம்பி!"

புதன்கெழம அக்கா வாயே தொறக்கல. கரண்டியக்கூட சத்தம் வராம கழுவி வச்சா. அவ மொறைச்ச மொறைப்புல நானும் சின்னவளும் மூச்சக்கூட சில்லறை சில்லறையா விட்டோம். ஒரு மணி நேரம், வெறும் பாட்டு மட்டும்.

"அப்பாடா! முடிஞ்சுது மாமா."

மாமா மூஞ்சி தொங்கிப்போச்சு. "இல்ல மாப்ளே. இது சரியா வரல."

"இதுக்கு மேல சுத்தமா வேணும்னா நாங்க வீட்டக் காலி பண்ணிட்டுத்தான் போகணும்!"

மாமா அக்காவையே பாத்துட்டிருந்தார். அக்கா திரும்பல.

எனக்குப் பொறுக்கல. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர்கிட்ட ஓடினேன். "அண்ணே, பூட்டு வச்ச சிடிலேர்ந்து பாட்டெடுக்க வேற வழி இருக்கா? எங்க வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு."

"யாரு, பூட்டுக்காரர் வீடா? போன வாரமே ப்ளேயரத் தூக்கிட்டு வந்தாரே! ஹெட்போன் சொருகுற ஓட்டையில ஒரு வயர் முனை, கம்ப்யூட்டர்ல ஒரு முனை. பக்கத்துல வெடி வெடிச்சாலும் பாட்டுல விழாது. இங்கயே உக்காந்து மொத்தப் பாட்டையும் எடுத்துட்டுப் போனாரே."

"அப்ப அந்த மைக்கு?"

"அதுவும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். அடுப்படியில பேசுறதுகூட விழணும்னார்."

வீட்டுக்கு வந்து மாமாவ மாடிப்படியில மடக்கினேன். "பாட்டு போன வாரமே ரெடியாமே? அப்புறம் எதுக்கு எங்கள இந்தப் பாடு படுத்துறீங்க?"

மாமா உள்ள எட்டிப் பாத்துட்டுக் கொரலத் தாழ்த்துனார். "மெல்லப் பேசுடா. பாட்டு அவளுக்கு இருக்கு. நடுக்கடல்ல உங்கக்கா திட்டு எங்க கெடைக்கும்?"

"அதுக்கு, பேசுன்னு சொல்லி மைக்க நீட்ட வேண்டியதுதானே?"

"ஞாயித்துக்கெழம நீட்டிப் பாத்தேன் மாப்ளே. 'நல்லா சாப்புடு'ன்னா. அடுத்த வார்த்தைக்குக் கையால வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. இந்த வீட்டுல பேசச் சொன்னா அழுறாங்கடா. பேசாதேன்னாதான் பேசுறாங்க. இப்ப அதுவும் போச்சு."

யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நானும் சரின்னேன். சொல்லிட்டு நேரா அடுப்படிக்குத்தான் போனேன். என் வாய் அப்படி.

மறுநாள் மாமா உசுரே இல்லாம மைக் பட்டன அமுக்கினார். மொத பாட்டு ஆரம்பிக்கக்கூட இல்ல.

"இவ போற எடத்துலயாவது சீப்புல முடிய எடுத்துப் போடுவாளா? ஈரத்துண்ட கட்டில் மேல போட்டா கப்பல்ல யாரு எடுத்துக் காயப்போடுவா? அவங்கப்பாவா நீந்தி வருவாரு?"

ஒரு மணி நேரம். அக்கா நிறுத்தவே இல்ல. கொரல்ல ஒரு சின்ன நடுக்கம்கூட இல்ல.

மொகத்த மட்டும் சொவத்துப் பக்கம் திருப்பி வச்சிருந்தா.