நீக்கக் காரணம்

சர்க்கரை மாத்திரைக்காக வெயிலில் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வருகிறாளே என்று, வீட்டுக்கே மருந்து அனுப்பும் புதிய செயலியில் சந்தனமாரியின் பெயரை முதல் ஆளாக ஏற்றியவள் நர்ஸ் பிலோமினாதான். மூன்றாம் மாதம், பார்த்துவிட்டு வரலாமென்று தானே மாத்திரையை எடுத்துப் போனாள். சந்தனமாரியின் மாமியார் வாசலிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சந்தனமாரி ஜன்னலோரம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ஆஸ்பத்திரிக்குன்னாத்தான் என்னைய வெளிய விடுவாவ சிஸ்டர். மாசத்துல அந்த ஒரு நாளும் போச்சு.”

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்ததும் செயலியிலிருந்து அவள் பெயரை நீக்கப் பார்த்தாள். செயலி காரணம் கேட்டது. இறந்துவிட்டார், ஊர் மாறிவிட்டார் என்ற இரண்டைத் தவிர வேறெதையும் அது ஏற்கவில்லை. அடுத்த நோயாளி வந்து நின்றதுகூடத் தெரியாமல் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.