பாப்பா என்று எரியும் விளக்கு

கத்தி நகர நகரக் கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. அடியிலிருந்த பால்நிற அக்ரிலிக் பலகை எழுத்தாய்த் தெரிந்தது.

தையல் மெஷின் அளவுதான், எழுத்து வெட்டும் அந்த மில்லிங் மெஷின். சாப்பாட்டு மேசைமேல் அவனே பூட்டியது. மேசைக் கால்களுக்கடியில் ரப்பர் வைத்திருந்தான். அதிர்வு பக்கத்து அறைத் தொட்டிலுக்குப் போனால் பாப்பா எழுந்துவிடுவாளே. அவ்வளவு கவனம், பாவி மனுஷனுக்கு.

அவனுக்குக் காது கேட்காது. மனைவி தமயந்திக்கும் கேட்காது. நான்கு வருஷமாய் இருவருக்கும் கையால்தான் பேச்சு. சண்டை உட்பட ஒன்றும் குறைந்ததில்லை.

குழந்தை பிறந்த பிறகுதான் வந்தது வினை.

போன மாதம் தமயந்தியின் அக்கா கோமதி வந்திருந்தாள். உதடு புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அழுது அழுது புள்ளைக்குத் தொண்டை கட்டிருச்சு. உங்களுக்குக் கேக்காது. நடக்கிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

தமயந்தி காலில் விழாத குறையாக ஒரு மாதம் அவகாசம் கேட்டாள்.

நாளை அக்கா வருகிறாள்.

அதற்குத்தான் இந்தப் பலகை. தொட்டிலுக்கு மேல் மைக். குழந்தை அழுதால் பலகையில் "பாப்பா" என்று சிவப்பாய் எரியும். காலையில்தான் அந்த ஒரு விளக்கை முடித்துச் சுவரில் மாட்டினான். இப்போது "வாசல்" வெட்டிக்கொண்டிருந்தான், காலிங்பெல்லுக்காக.

சுவரில் சிவப்பு.

பாப்பா.

எரிகிறது! ஓடினான். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்து எந்த அப்பனாவது சிரிப்பானா? அவன் சிரித்தான். தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தான்.

வந்து மெஷினைப் போட்டான்.

பாப்பா.

மெஷின் சத்தத்தை மைக் பிடிக்கிறதோ என்று நிறுத்தினான். விளக்கு அணையவில்லை.

மறுபடி தூங்கவைத்தான். இந்த முறை கதவைத் திறந்துவைத்தான். தொட்டிலைப் பார்த்தபடியே சுவிட்சைப் போட்டான்.

அந்த நொடியே அவள் உடம்பு தூக்கிப்போட்டது. கண் திறந்தது. வாய் கோணியது.

மெஷின் சத்தம் போடும் என்று தெரியாதவனா? பன்னிரண்டு வருஷமாய் லேத் பட்டறையில் இருப்பவன். ஆனால் சாத்திய கதவைத் தாண்டி அது எவ்வளவு தூரம் போகும் என்று அவன் எதை வைத்துத் தெரிந்துகொள்வான்? கைக்கு அதிர்வு எட்டாத இடத்தில் ஒன்றுமே இல்லை என்று இருந்துவிட்டான்.

பட்டறைக்கு லீவு போட்டு ஒன்பது நாள் மெஷினை ஓட்டியிருக்கிறான். தமயந்தி வேலைக்குப் போனதும், தினமும் மத்தியானம். நடுவில் எட்டிப் பார்க்கும்போது சில நாள் அழுதுகொண்டிருப்பாள். பசி என்று பால் கொடுத்தான். புழுக்கம் என்று ஃபேனைக் கூட்டினான். பிறகு வந்து மெஷினைப் போட்டான்.

மெஷினை அணைத்துவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினான்.

ஆறு மணிக்கு தமயந்தி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கைதட்டினாள். விளக்கு எரிந்தது. திரும்பவும் தட்டினாள். நாளை அக்கா என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று கைகள் துள்ளின.

அவன் இடது தோளில் குழந்தையோடு நின்றான்.

இன்றைக்கு எத்தனை தடவை அழுதாள் என்று அவள் கேட்டாள். பிறந்து ஐந்து மாதத்தில் முதல்முறையாகக் கேட்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

பேச மிச்சமிருந்த வலது கையையும் அவன் குழந்தையின் முதுகில் வைத்துக்கொண்டான்.